தூங்கிப் போன தொடையை கரண்ட் வெச்சு எழுப்பறது: இஎம்எஸ் மெஷினை முதல் தடவை எடுக்கறவங்களுக்கு

முட்டி ஆபரேஷன் முடிஞ்ச மறுநாள் பிசியோ வந்து "தொடையை இறுக்குங்க பார்ப்போம்"னு சொன்னார், நானும் மூச்சைப் பிடிச்சு பல்லைக் கடிச்சு இறுக்கினேன், மூஞ்சிதான் இறுகிச்சே தவிர தொடை பஞ்சு மூட்டை மாதிரி அப்படியே கிடந்துச்சு. வலி கூட அப்போ பெருசா இல்ல. பயம்தான். உள்ள நரம்பு ஏதாவது அறுந்து போச்சோன்னு. அவர் கண்டுக்கவே இல்ல, பையில இருந்து கைக்கு அடக்கமா ஒரு டப்பா, ரெண்டு ஒயர், ஒட்டுற பேட் கொஞ்சம் எடுத்தாரு, ஒட்டினாரு, பட்டனை அழுத்த அழுத்த முதல்ல எறும்பு ஊர்ற மாதிரி இருந்துச்சு, அப்புறம் திடீர்னு தொடை கல்லு மாதிரி இறுகி முட்டிச் சில்லு தானா மேல ஏறிச்சு. என் கால் எனக்குத் தெரியாம வேலை செய்யறதை நானே வேடிக்கை பார்த்தேன்.

அந்த டப்பாதான் இஎம்எஸ், கரண்ட் கொடுத்து சதையைச் சுருங்க வைக்கற மெஷின். ஆஸ்பத்திரி பக்கம் என்எம்இஎஸ்னு சொல்லுவாங்க, விஷயம் ஒண்ணுதான். இதை வீட்டுல புதுசா ஆரம்பிக்கறவங்க நிறைய பேர் பேடை எங்கயோ ஒட்டி, ஜிவ்வுனு ஒரு கூச்சம் வந்ததும் "ஓகே வேலை செய்யுது"ன்னு போனை நோண்டிக்கிட்டு அரை மணி நேரம் உட்கார்ந்துடறாங்க, ஒரு மாசம் கழிச்சு "இதெல்லாம் சும்மா ஏமாத்து வேலை"ன்னு மூலையில போட்டுடறாங்க. நானும் ஆபரேஷனுக்கு முன்னாடி ஒரு தடவை அப்படிப் போட்டவன்தான். அதனால எப்படிப் பண்ணணும்னு கொஞ்சம் விலாவரியா சொல்றேன்.

முதல்ல ஒண்ணு, தொடை ஏன் சொன்ன பேச்சு கேக்கலன்னு புரிஞ்சுக்கணும். முட்டியில வீக்கம் வந்தாலோ அடிபட்டாலோ அந்த மூட்டுல இருந்து போற சிக்னல் தண்டுவடத்துலயே ஒரு பிரேக் போட்டுடும், "இந்த மூட்டுக்கு இப்ப லோடு வேண்டாம்"னு உடம்பு தானா எடுக்கற முடிவு அது. ஆர்த்ரோஜெனிக் மசில் இன்ஹிபிஷன்னு பேரு. சதை நல்லாத்தான் இருக்கும், நரம்பும் நல்லாத்தான் இருக்கும், மூளையில இருந்து வர்ற ஆர்டர் மட்டும் முழுசா கீழ இறங்காது. ஆர்டர் வராத சதை சும்மா கிடக்கும், சும்மா கிடக்கற சதை இளைச்சுக்கிட்டே போகும். முட்டி மாத்து ஆபரேஷன் பண்ணினவங்களுக்கு ஒரு மாசத்துல முன்தொடை பலம் ஆபரேஷனுக்கு முன்னாடி இருந்ததுல பாதிக்கும் கீழ போயிடறது சகஜம், அதுக்குப் பெரிய காரணமே இந்த பிரேக்தான்.

இஎம்எஸ் அந்த பிரேக்கைச் சுத்திக்கிட்டு வேற வழியில போகுது. பேடுக்கு அடியில ஓடற மோட்டார் நரம்பை, அதாவது சதையை அசைக்கற நரம்பை, நேரடியா தட்டி எழுப்புது. கவனிங்க, சதையை இல்ல, நரம்பைத்தான். சதையை நேரா தூண்டறதுக்கு இதைவிட ரொம்ப நேரம் நீடிக்கற பல்ஸ், அதாவது கரண்ட் தட்டு, வேணும். அதனாலதான் நரம்பே அறுந்து போனவங்களுக்கு சாதாரண வீட்டு மெஷின்ல ஒண்ணும் நடக்காது, அது வேற டிபார்ட்மென்ட்.

இது ஒண்ணும் நேத்து வந்த சமாச்சாரம் இல்ல. 1780கள்லயே இத்தாலியில லூயிஜி கால்வானி செத்த தவளைக் காலை மின்சாரத்தால துடிக்க வெச்சுப் பார்த்தாரு. 1970கள்ல சோவியத் ரஷ்யாவுல யாகோவ் கோட்ஸ்னு ஒருத்தர் விளையாட்டு வீரர்களுக்கு இதை வெச்சு பலம் ஏத்தறதுக்கு ஒரு கணக்கு போட்டாரு, 10 செகண்ட் கரண்ட், 50 செகண்ட் ரெஸ்ட், இப்படி 10 தடவை. இன்னைக்கும் சில மெஷின்ல "ரஷ்யன்"னு ஒரு மோட் இருக்கும், அது அவர் உபயம். அந்த 10-50-10 கணக்கு ஞாபகத்துல இருக்கட்டும், பின்னாடி தேவைப்படும்.

டென்ஸா, இஎம்எஸ்ஸா

வாங்கறதுக்கு முன்னாடி இந்தக் குழப்பத்தைத் தீர்த்துக்கணும். ரெண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், அதே பேட், அதே ஒயர். ஆனா டென்ஸ் வலியைக் குறைக்கறதுக்கு, உணர்வு நரம்பைத் தட்டும், கூச்சம் வந்தா போதும். 1965ல மெல்சாக், வால்னு ரெண்டு பேர் சொன்ன கேட் தியரிதான் அதுக்கு அடிப்படை, அதாவது வேற ஒரு உணர்வு முந்திக்கிட்டுப் போனா வலி சிக்னலுக்கு தண்டுவடத்துல கதவு பாதி சாத்திக்கும்னு. இஎம்எஸ்க்கு கூச்சம் எல்லாம் பத்தாது, சதை சுருங்கியே ஆகணும். இப்ப வர்ற பல மெஷின்ல ரெண்டு மோடும் இருக்கு, அதுல டென்ஸ் மோடை வெச்சுக்கிட்டு தொடை பலம் வரும்னு காத்திருந்தா வரவே வராது. மெஷின்ல கரண்ட் நின்னு நின்னு வருதா, இல்ல விடாம ஓடிக்கிட்டே இருக்கான்னு பாருங்க. விடாம ஓடினா அது பெரும்பாலும் டென்ஸ்தான்.

இன்னொண்ணு எஃப்இஎஸ். அது சதை சுருங்கறதை ஒரு வேலையோட கோத்து விடறது. பக்கவாதம் வந்து பாதம் தொங்கிப் போனவங்க நடக்கும்போது, காலைத் தூக்கற நேரம் பார்த்து மெஷின் பாதத்தை நிமிர்த்திவிடும். 1961லயே லிபர்சன்னு ஒரு டாக்டர் இதைச் செஞ்சு காட்டிட்டாரு.

யாரு தொடவே கூடாது

இதை வேகமா படிச்சுட்டுத் தாண்டாதீங்க. பேஸ்மேக்கர் இல்லன்னா நெஞ்சுக்குள்ள டிஃபிப்ரிலேட்டர் வெச்சிருக்கறவங்க இந்தப் பக்கமே வர வேண்டாம், இதய டாக்டர் எழுதிக் கொடுத்தா தவிர. கால் ரத்தக்குழாய்ல ரத்தம் உறைஞ்சு கட்டி இருக்குன்னு சந்தேகம் இருந்தா, அதாவது கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கி சூடா, தொட்டா வலிக்குதுன்னா, பேடை ஒட்டறதை விட்டுட்டு நேரா டாக்டர்கிட்ட ஓடுங்க, சதையைச் சுருக்கினா கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போற ஆபத்து இருக்கு. கேன்சர் இருக்கற இடம், சீழ் பிடிச்ச இடம், புண்ணு, இன்னும் மூடாத தையல், இதுக்கு மேலெல்லாம் ஒட்டக் கூடாது. கர்ப்பமா இருக்கறவங்க வயிறு, இடுப்பு, கீழ்முதுகு பக்கம் கூடாது. வலிப்பு நோய் இருந்தா கேட்காம ஆரம்பிக்காதீங்க.

உடம்புல எங்க ஒட்டினாலும் ரெண்டு இடம் யாருக்குமே கூடாது, கழுத்தோட முன்பக்கம், அப்புறம் நெஞ்சுக்குக் குறுக்கால. கழுத்துல ரத்த அழுத்தத்தைக் கவனிக்கற சென்சார் இருக்கு, அதைத் தூண்டினா மயங்கி விழலாம். நெஞ்சுக்குக் குறுக்க கரண்ட் போனா என்னன்னு நான் சொல்ல வேண்டியதில்ல. தலையிலயும் வேண்டாம்.

சர்க்கரை வியாதியில பாதம், கால் மரத்துப் போனவங்களுக்கு ஒரு தனி சிக்கல், சுட்டாலும் அவங்களுக்குத் தெரியாது. அதுக்கு ஒரு டெஸ்ட், பேட் ஒட்டப் போற இடத்துல கண்ணை மூடிக்கிட்டு ஒரு பேனாவோட கூர் முனை, மழுங்கின முனை ரெண்டாலயும் மாத்தி மாத்தி வேற ஒருத்தரை மெதுவா தொடச் சொல்லுங்க. எது எதுன்னு சொல்ல முடியலன்னா அங்க ஒட்டாதீங்க.

"உள்ள பிளேட், ஸ்க்ரூ இருக்கே"ன்னு நிறைய பேர் பயப்படறாங்க. இப்ப வர்ற மெஷின்ல கரண்ட் ரெண்டு பக்கமும் சமமா மாறி மாறிப் போறதால மெட்டல் பெரும்பாலும் பிரச்சனை ஆகறதில்ல, முட்டி மாத்தினவங்களுக்கே இதைத் தாராளமா கொடுக்கறாங்க. ஆனா உங்க சர்ஜன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கங்க, மெட்டலுக்காக மட்டும் இல்ல, தைச்சு வெச்ச தசைநார் இப்ப இழுவை தாங்குமான்னு அவருக்குத்தான் தெரியும்.

மெஷின்ல எதை எவ்வளவு வைக்கணும்

ஃபிரீக்வென்சி, ஒரு செகண்டுக்கு எத்தனை தட்டுங்கற கணக்கு. 10 ஹெர்ட்ஸ்ல வெச்சா சதை தடதடன்னு துள்ளும், 35க்கு மேல போனா அந்தத் துள்ளல் எல்லாம் ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து ஒரே இறுக்கமா மாறும். பலத்துக்கு 50ல இருந்து 75 வரைக்கும் வெச்சுப்பாங்க, 50ல ஆரம்பிங்க. பல்ஸ் அகலம், ஒரு தட்டு எவ்வளவு நேரம் நீடிக்குதுங்கறது, மைக்ரோசெகண்ட்ல இருக்கும், தொடை மாதிரி பெரிய சதைக்கு 300ல இருந்து 400, கை மாதிரி சின்னதுக்கு 200, 250 போதும். ரேம்ப்னு ஒண்ணு இருக்கும், கரண்ட் படிப்படியா ஏற எத்தனை செகண்ட்ங்கறது, 2 வைங்க, இல்லன்னா ஒவ்வொரு தடவையும் யாரோ அறைஞ்ச மாதிரி தூக்கிப் போடும்.

அடுத்தது ஆன் டைம், ஆஃப் டைம். இங்கதான் எல்லாரும் அவசரப்படறாங்க. 10 செகண்ட் ஆன், 50 செகண்ட் ஆஃப்னு சொன்னா "இவ்வளவு நேரம் சும்மா உட்காரணுமா"ன்னு 10க்கு 10 வெச்சுடறாங்க. காரணம் என்னன்னா நாமளா சதையை இறுக்கும்போது உடம்பு புத்திசாலித்தனமா ஷிஃப்ட் போட்டு வேலை வாங்கும், சில நார்கள் வேலை செய்யும்போது சிலது ரெஸ்ட் எடுக்கும். கரண்டுக்கு அந்த இங்கிதம் கிடையாது, பேடுக்குப் பக்கத்துல இருக்கற அதே நார்களை, எல்லாத்தையும் ஒரே நேரத்துல, ஒவ்வொரு தடவையும் எழுப்பும். அதனால சீக்கிரம் களைச்சுடும். ரெஸ்ட் கொடுக்கலன்னா அஞ்சாவது சுருக்கத்துக்கே பாதி பலம்தான் வரும், அப்புறம் நீங்க கரண்டைத்தான் ஏத்திக்கிட்டே போவீங்க, சதைக்கு ஒண்ணும் போய்ச் சேராது. ஆரம்பத்துல 10க்கு 50, சில வாரம் போனதும் 10க்கு 30ன்னு குறைச்சுக்கலாம். ஒரு சிட்டிங்கில 10ல இருந்து 15 சுருக்கம். அவ்வளவுதான். அதுக்கு மேல நேரம் போட்டா தீவிரம் குறையும், லாபம் அதிகமாகாது.

முதல் சிட்டிங், முன்தொடைக்கு

முன்தொடையையே எடுத்துக்கறேன், ஏன்னா முட்டி கேஸ்தான் இதுல ரொம்ப அதிகம், இது பழகிட்டா மத்த இடமும் கை வந்துடும்.

தொடையை சோப்பு போட்டுக் கழுவி நல்லா துடைச்சுக்கங்க, க்ரீம், எண்ணெய் எதுவும் இருக்கக் கூடாது. முடி அதிகமா இருந்தா கத்திரியால ஒட்ட வெட்டுங்க, ரேசர் வெச்சு அப்பவே மழிச்சுட்டு ஒட்டாதீங்க, கண்ணுக்குத் தெரியாத கீறல்ல கரண்ட் போனா உயிர் போற மாதிரி சுள்ளுனு குத்தும். அனுபவம்.

பேட் பெருசா இருக்கறது நல்லது. தொடைக்கு 5க்கு 9 செமீ, இல்ல அதைவிடப் பெருசு. சின்ன பேட்ல அதே கரண்ட் கொஞ்சூண்டு இடத்துல நெருங்கிப் போறதால சதை சுருங்கறதுக்கு முன்னாடியே தோல்ல வலி வந்துடும், அதோட பயந்து நிறுத்திடுவீங்க. ஒரு பேடை முட்டிக்கு மேல நாலு விரல் தள்ளி உள்பக்கமா, காலை நீட்டினா கண்ணீர்த்துளி மாதிரி புடைக்குமே அந்தச் சதை மேல ஒட்டுங்க. இன்னொண்ணு தொடையோட மேல்பக்கம், கொஞ்சம் வெளிப்பக்கமா. மெஷின் ஆஃப்ல இருக்கும்போதுதான் ஒட்டணும், எடுக்கணும். ஓடிக்கிட்டு இருக்கும்போது பேடை உரிச்சா கடைசியா ஒட்டிக்கிட்டு இருக்கற ஓரத்துல மொத்த கரண்டும் போகும், ஒரு தடவை பண்ணினா அப்புறம் ஜென்மத்துக்கும் மறக்க மாட்டீங்க.

எப்படி உட்காரணும்? நாற்காலியில நல்லா பின்னால சாய்ஞ்சு, முட்டி 60 டிகிரி மடங்கி இருக்கற மாதிரி, கணுக்காலை ஒரு பெல்ட்டால அசையாத ஏதாவதோட கட்டிடுங்க. சதை இறுகணும், கால் உதைச்சுக்கிட்டு மேல வரக் கூடாது. ஏசிஎல், அதாவது முட்டிக்குள்ள இருக்கற ஒரு முக்கியமான லிகமெண்ட், அதுல ஆபரேஷன் பண்ணினவங்களுக்கு இது ரொம்ப முக்கியம், காலைத் தொங்கவிட்டு நீட்டும்போது கடைசி 40 டிகிரி சுமார்ல முன்தொடை இழுவை புது லிகமெண்ட்டைத்தான் போய் இழுக்கும். ஆபரேஷன் முடிஞ்ச முதல் சில நாள் மடக்கவே முடியாதவங்க படுத்த வாக்குல காலை நீட்டி, முட்டிக்கு அடியில ஒரு துண்டைச் சுருட்டி வெச்சு, முட்டியால துண்டைக் கீழ அமுக்கற மாதிரி செய்யலாம். எது உங்களுக்குன்னு பிசியோகிட்ட கேட்டுக்கங்க, குறிப்பா முட்டிக்குள்ள குஷன் மாதிரி இருக்கற மெனிஸ்கஸைத் தைச்சிருந்தா, முட்டிச் சில்லு தசைநார்ல கை வெச்சிருந்தா.

இப்ப பூஜ்யத்துல இருந்து கரண்டை ஏத்துங்க. ஆன் நேரத்துல மட்டும்தான் ஏத்தணும், ரெஸ்ட்ல ஏத்தினா எவ்வளவு ஏத்தினோம்னு தெரியாம அடுத்த ரவுண்டுல தூக்கி அடிக்கும். முதல்ல கூச்சம், அப்புறம் தட்டற மாதிரி, அப்புறம் சதை லேசா துடிக்கும், அப்புறம் இறுகும். முதல் அஞ்சு சுருக்கம் பழகறதுக்குன்னு வெச்சுக்கங்க.

சதை இழுக்குது ஆனா முட்டிச் சில்லு மேல ஏறலன்னா பேடை ஒரு ரெண்டு செமீ நகர்த்திப் பாருங்க. ஒவ்வொரு சதைக்கும் நரம்பு உள்ள நுழையற ஒரு புள்ளி இருக்கும், அது அகப்பட்டா கம்மி கரண்ட்லயே பெரிய இறுக்கம் வரும், வலியும் கம்மி. அகப்பட்டதும் பேனாவால சுத்தி ஒரு கோடு போட்டு வெச்சுக்கங்க. நான் ரெண்டு மாசம் தொடையில கட்டம் கட்டமா கோடோடதான் அலைஞ்சேன்.

எவ்வளவு கரண்ட்னு கேட்டா

மொத்த விஷயமும் இங்கதான் இருக்கு. "எத்தனை மில்லியாம்ப் வைக்கணும்"னு கேக்காதீங்க, எண் ஒருத்தருக்கொருத்தர் மாறும், உங்களுக்கே இன்னைக்கு ஒண்ணு நாளைக்கு ஒண்ணு. தோலுக்கு அடியில கொழுப்பு கூட இருந்தா அதிகம் வேணும், பேட் பழசானா அதிகம் வேணும். என்ன நடக்குதுன்னுதான் பார்க்கணும்.

1995ல ஸ்னைடர் மேக்லர்ங்கற பிசியோ ஆராய்ச்சியாளரும் கூட்டாளிகளும் ஏசிஎல் ஆபரேஷன் பண்ணின 110 பேரை வெச்சு ஒரு ஆராய்ச்சி வெளியிட்டாங்க. அதிக கரண்ட் வாங்கினவங்களுக்கு முன்தொடை பலம் நல்ல காலோட ஒப்பிட்டா 70 சதவீதம், அதுக்கும் மேல வந்துச்சு. வெறும் உடற்பயிற்சி மட்டும் பண்ணினவங்களுக்கு 57. குறைஞ்ச கரண்ட் வாங்கினவங்களுக்கு 51. திரும்பப் படிங்க, மெல்லிசா கரண்ட் வெச்சவங்க கரண்டே வெக்காதவங்களைவிட ஒரு படி கூட மேல போகல. அதனாலதான் சொல்றேன், கூச்சம் வரைக்கும் வெச்சுக்கிட்டு டிவி பார்க்கறது நேர விரயம்.

ஏசிஎல் கேஸ்ல பிசியோக்கள் குறி வைக்கறது, நல்ல கால்ல நீங்க முழு மூச்சா இறுக்கினா வர்ற பலத்துல பாதியாவது கரண்ட் மட்டும் வெச்சே வரணும்னு. வீட்டுல அளக்க மெஷின் இருக்காது. ஆனா அடையாளம் இருக்கு, மொத்தத் தொடையும் புடைச்சு கெட்டியா ஆகணும், முட்டிச் சில்லு மேல ஏறி அங்கயே நிக்கணும், அந்த 10 செகண்ட் யார்கிட்டயும் உங்களால சாவகாசமா பேச முடியக் கூடாது. தாங்கற அளவுல உச்சம். சுளுக்கு பிடிச்ச மாதிரி ஒரு வலி இருக்கும், அது சரி. தோல்ல எரிச்சல், ஊசி குத்தற மாதிரின்னா அது சதை வலி இல்ல, பேட் பிரச்சனை.

உடம்பு கரண்டுக்குச் சீக்கிரம் பழகிடும், அதனால ரெண்டு மூணு சுருக்கத்துக்கு ஒருதரம் ஒண்ணு ரெண்டு மில்லியாம்ப் ஏத்திக்கிட்டே போகணும். முதல் நாள் தாங்க முடியாத கரண்டை நாலாவது நாள் சிரிச்சுக்கிட்டே தாங்குவீங்க. பட்டனை உங்க கையிலயே வெச்சுக்கங்க, வேற யார் கையிலயும் கொடுக்காதீங்க, அடுத்தவங்க ஏத்தும்போது உடம்பு பயந்து பாதியிலயே கையெடுத்துக் கும்பிடும்.

அப்புறம், கரண்ட் வரும்போது நீங்களும் கூட சேர்ந்து இறுக்கணும். மெஷின் இறுக்குது நமக்கென்னன்னு விட்டுடாதீங்க. அந்த பிரேக்கை உடைக்கணும்னா மூளையில இருந்து ஆர்டர் போய்ப் பழகணும், மெஷின் சதையை எழுப்பற அதே நேரம் நீங்களும் "இறுகு"ன்னு சொன்னா வழி திறக்கும். நான் மூணாவது வாரம் மெஷின் ஆன் ஆகறதுக்கு ஒரு செகண்ட் முன்னாடியே நானா இறுக்கிப் பார்ப்பேன், ஒரு நாள் பேட் இல்லாமலே முட்டிச் சில்லு ஏறிச்சு, அன்னைக்குக் கிடைச்ச சந்தோஷம் பரீட்சை பாஸ் ஆனப்போ கூட இல்ல.

எத்தனை நாள்

சும்மா சதை பலத்துக்குன்னா வாரம் மூணு நாள், ஒரு நாள் விட்டு ஒரு நாள். ஆபரேஷன் முடிஞ்ச கையோடன்னா இன்னும் அடிக்கடி கொடுப்பாங்க. 2012ல வந்த ஒரு ஆய்வுல முட்டி மாத்தின 66 பேர்ல ஒரு குழுவுக்கு ஆபரேஷன் ஆகி 48 மணி நேரத்துலயே ஆரம்பிச்சு, தினம் ரெண்டு வேளை, ஒவ்வொரு வேளையும் 15 சுருக்கம்னு 6 வாரம் வழக்கமான பிசியோவோட சேர்த்துக் கொடுத்தாங்க, வெறும் பிசியோ மட்டும் எடுத்த குழுவைவிட அவங்களுக்கு பலமும் நடையும் மேல இருந்துச்சு. சீக்கிரம் ஆரம்பிக்கறதுதான் இதுல லாபம், சதை இளைச்சு முடிஞ்ச அப்புறம் ஆறு மாசம் கழிச்சு ஆரம்பிச்சா அந்த அளவு எதிர்பார்க்காதீங்க.

முதல் வாரம் மறுநாள் வலி இருக்கும், சில பேருக்கு சாதாரண எக்சர்சைஸைவிட அதிகமாவே இருக்கும். ரெண்டு நாள்ல போயிடும். போகலன்னா, சதை வீங்கிக் கெட்டியா இருந்தா, முக்கியமா சிறுநீர் கருப்பு டீ கலர்ல போனா அன்னைக்கே ஆஸ்பத்திரி. சதை உடைஞ்சு அதுக்குள்ள இருக்கறது ரத்தத்துல கலந்து கிட்னியை அடைக்கற ராப்டோமயோலிசிஸா இருக்கலாம். ஒரு தொடைக்கு 10 சுருக்கம் வெச்சு இது வர்றது ரொம்ப அபூர்வம், ஆனா உடம்பு முழுக்க கரண்ட் பேட் வெச்ச டிரெஸ், அந்த சூட்டை மாட்டிக்கிட்டு பண்றாங்களே அதுல முதல் நாளே வீராப்பா உச்சத்துக்கு ஏத்தினவங்களுக்கு வந்திருக்கு. அந்த சூட் ட்ரெயினிங்குக்கு ஆராய்ச்சியாளர்கள் போட்டு வெச்சிருக்கற வழிமுறையே ஒரு தடவைக்கு 20 நிமிஷத்துக்கு மேல கூடாது, முதல் 8-10 வாரம் வாரத்துக்கு ஒரே தடவை, அதுக்கு அப்புறமும் ரெண்டு தடவைக்கு நடுவுல குறைஞ்சது 4 நாள் இடைவெளிங்கறதுதான்.

மத்த இடங்கள்

கெண்டைக்கால்னா பாதத்தைச் சுவத்துல முட்டுக் கொடுத்து 90 டிகிரியில வெச்சுக்கங்க, பாதம் கீழ நீண்டு இருக்கும்போது கரண்ட் கொடுத்தா குரக்களி இழுத்து அலற வெச்சுடும். பின்தொடைக்குக் குப்புறப் படுத்து முட்டியை லேசா மடக்கி, கணுக்காலைப் பிடிச்சு நிறுத்திக்கிட்டு, ஆனா புதுசா கிழிஞ்ச பின்தொடைக்கு முதல் நாட்கள்ல இது வேண்டவே வேண்டாம், ஆறிக்கிட்டு இருக்கற நாரை பலமா இழுத்துடும். பாதம் தொங்கறவங்களுக்கு ஒரு பேட் முட்டிக்கு வெளிப்பக்கம் துருத்திக்கிட்டு இருக்கற எலும்புக்குக் கொஞ்சம் கீழ, இன்னொண்ணு முன்னங்கால் எலும்புக்கு வெளிப்பக்கச் சதை மேல. பாதம் நிமிராம வெளிப்பக்கமா திரும்பினா பேடைக் கொஞ்சம் முன்பக்கம் நகர்த்தணும். பக்கவாதத்துல தோள் இறங்கினவங்களுக்குத் தோள்பட்டை எலும்புக்கு மேல ஒண்ணு, தோளோட பின்பக்கம் ஒண்ணு, தோளைக் குலுக்கற சதை தூக்கிச்சுன்னா இடம் தப்பு. இந்தத் தோள் கேஸை மட்டும் தயவு செஞ்சு முதல் தடவை பிசியோவை வெச்சே ஒட்டுங்க.

அடிபடாம இருக்க உதவுமா

கேக்கற எல்லாருக்கும் பிடிக்காத பதில்தான். மெஷினை மாட்டினா மட்டும் அடிபடாதுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. அடி தடுக்கறதுல நிரூபணம் உள்ளது எல்லாம் கஷ்டப்பட்டுப் பண்ற பயிற்சிதான். முட்டி போட்டு, ஒருத்தர் கணுக்காலைப் பிடிச்சுக்க, உடம்பை மெதுவா முன்னாடி சாய்க்கற நார்டிக் ஹேம்ஸ்ட்ரிங், அது ஒண்ணே பின்தொடை கிழியறதைப் பாதிக்குப் பாதி குறைக்குது. எந்த டப்பாவும் அது பக்கத்துல வராது.

ஆனா இஎம்எஸ் மறைமுகமா உதவற இடம் ஒண்ணு இருக்கு, ஒரு தடவை அடிபட்டவங்க மறுபடி அடிபடாம இருக்கறதுல. 2016ல அமெரிக்காவோட டெலவேர், நார்வேயோட ஆஸ்லோ ரெண்டு இடத்து ஆராய்ச்சியாளர்கள் சேர்ந்து ஏசிஎல் ஆபரேஷன் பண்ணினவங்களைப் பின்தொடர்ந்து பார்த்தாங்க. ஆபரேஷனுக்கு அப்புறம் 9 மாசம் வரைக்கும் விளையாடத் திரும்பறதைத் தள்ளிப் போட்ட ஒவ்வொரு மாசத்துக்கும் மறுபடி முட்டி போற வாய்ப்பு சுமார் பாதி குறைஞ்சுச்சு, ரெண்டு தொடையும் எவ்வளவு சமமான பலத்துக்கு வந்துச்சோ அவ்வளவு பாதுகாப்பு. அந்தச் சமத்துக்குக் கொண்டு வர்ற வேலையில முதல் பாதி இஎம்எஸ் கையில இருக்கு, மீதி ஸ்குவாட், லெக் பிரஸ் கையில. அதே மாதிரி மூட்டுல வலி இருந்து வெயிட் தூக்க முடியாத நாட்கள்லயும், வேற ஏதோ காரணத்துக்காகப் படுத்த படுக்கையா கிடக்கும்போதும் சதை கரையாம பிடிச்சு வைக்க இது கை கொடுக்கும். கணுக்கால் அடிக்கடி பிசகறவங்க வெளிப்பக்கச் சதையை உணர்ந்து பழகறதுக்கு வெச்சுக்கலாம், ஆனா ஒத்தக் கால்ல நின்னு பேலன்ஸ் பண்ணிப் பழகாம இதை மட்டும் பண்ணி பிரயோஜனம் இல்ல. தொப்பை கரையும்னு சொல்றதெல்லாம் சுத்தப் பொய், அந்த விளம்பரத்தைப் பார்த்தா சேனலை மாத்துங்க.

எப்ப நிறுத்தறதுன்னா, அடிபட்ட கால் பலம் நல்ல காலோட 80 சதவீதத்தைத் தாண்டிடுச்சுன்னா பல பிசியோக்கள் மெஷினை எடுத்து வெச்சுடுவாங்க, அதுக்கு மேல கொண்டு போறது வெயிட் ட்ரெயினிங் வேலை. அளக்க வழியில்லன்னா ரெண்டு கால்லயும் தனித்தனியா லெக் எக்ஸ்டென்ஷன் மெஷின்ல எவ்வளவு தூக்கறீங்கன்னு ஒப்பிட்டுப் பாருங்க, ஏசிஎல் ஆளுங்க டாக்டர் சரின்னு சொன்னதுக்கு அப்புறம். தொடை சுத்தளவை டேப் வெச்சு அளக்கறது மனசுக்குத் திருப்தி தரும், பலத்தைச் சொல்லாது.

சின்னச் சின்ன தொல்லைகள். கடிக்கற மாதிரி இருந்தா பேட் ஓரம் தூக்கிக்கிட்டு இருக்கும், இல்ல ஜெல் காய்ஞ்சிருக்கும், விரல்ல ரெண்டு சொட்டு தண்ணி தொட்டுத் தடவினா சில தடவை உயிர் வரும். ஒரு செட் பேட் சுமார் 20-30 தடவை வரும், ஒட்டறது நின்னுட்டா கஞ்சத்தனம் பண்ணாம மாத்துங்க, தோல் சுடறது பெரும்பாலும் பழைய பேடாலதான். எடுத்ததும் தோல் இளஞ்சிவப்பா இருந்து ஒரு மணி நேரத்துல மறைஞ்சா பரவாயில்ல, மறுநாளும் இருந்தா அந்த பேட் பசை உங்களுக்கு ஒத்துக்கல. குளிக்கும்போது, வண்டி ஓட்டும்போது, தூங்கும்போது மாட்டிக்கிட்டு இருக்காதீங்க.

வேலை முடிஞ்ச மெஷினை இன்னொருத்தருக்குக் கொடுக்கலாம், பேடைக் கொடுக்காதீங்க, அது ஒரு ஆள் தோலுக்குத்தான். என் தொடை தேறினதும் சித்தப்பா "எனக்கும் முட்டி வலிக்குதுடா, அதைக் கொஞ்சம் கொடு"ன்னு வந்து நின்னாரு, நானும் டப்பாவைத் துடைச்சு எடுத்துக் கையில கொடுக்கப் போனவன் அப்பதான் ஞாபகம் வந்து "சித்தப்பா, உங்களுக்கு பேஸ்மேக்கர் வெச்சிருக்கே"ன்னேன். ரெண்டு நாள் முகத்தைத் தூக்கி வெச்சுக்கிட்டுப் பேசல. டப்பா இன்னும் என் அலமாரியிலதான் இருக்கு.